ஒரு புள்ளி கிடைத்தால் போதுமா? பின்னத் தீர்வுகள் பற்றி உங்கள் கேள்விகள்

கேள்வி: 1, 2 இரண்டின் கனங்களையும் கூட்டினால் 9. பின்னங்களில் வேறு ஜோடி உண்டா?

பதில்: முடிவே இல்லாமல் உண்டு. x³ + y³ = 9 என்ற சமன்பாட்டின் வளைகோட்டில் (1, 2) என்ற புள்ளியில் தொடுகோடு (அங்கே வளைகோட்டைத் தொட்டுச் செல்லும் கோடு) வரையுங்கள். சாய்வு −1/4. அது வளைகோட்டை மறுபடி வெட்டும் இடம் (−17/7, 20/7). சரிபாருங்கள்: 8000 − 4913 = 3087; 343 ஆல் வகுத்தால் 9.

பின்னமாகவே வருவது ஏன்? கோட்டைச் சமன்பாட்டில் பொருத்தினால் முப்படிச் சமன்பாடு வரும். அதன் மூன்று மூலங்களின் (அதாவது x-இன் மூன்று விடைகளின்) கூட்டுத்தொகை ஒரு பின்னம். தொடுகோடு என்பதால் 1 இரண்டு முறை மூலமாகிறது. மிச்சமுள்ளதும் பின்னமாகத்தானே இருக்க வேண்டும்! எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் 1, 2 இரண்டையும் இடம் மாற்றினால் வரும் (2, 1), (−17/7, 20/7) இரண்டையும் கோட்டால் இணையுங்கள். அது வளைகோட்டை வெட்டும் மூன்றாம் இடமாக (−271/438, 919/438) கிடைக்கும். இதைக் கையாலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லாச் சமன்பாட்டிலும் இப்படிப் போய்க்கொண்டே இருக்குமா?

பதில்: இருக்காது. 9க்குப் பதில் 2 என்று வைத்தால் (1, 1) இல் போடும் தொடுகோடு வளைகோட்டை வேறெங்கும் வெட்டுவதில்லை. அங்கே வேறு பின்னத் தீர்வே கிடையாது. இப்படிக் கோடுகள் போட்டு ஒரு புள்ளியிலிருந்து அடுத்தடுத்து உண்டாக்கும் புள்ளிகளை அதன் மடங்குகள் என்பார்கள். அவை தொடங்கிய இடத்துக்கே திரும்பிச் சுற்றி வந்தால், அந்தச் சுற்று 12 மடங்குக்கு மேல் நீளாது என்று 1977இல் கணிதவியலாளர் பேரி மேசர் நிறுவினார். அதற்குள் தொடங்கிய இடத்துக்குத் திரும்பாவிட்டால் தீர்வுகள் முடிவிலி.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த பழப் புதிர்: மூன்று மிகை முழு எண்கள், ஒவ்வொன்றையும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கூட்டினால் 4. இரண்டு நாளாகியும் விடை வரவில்லை.

பதில்: வராது, தவறு உங்களுடையதல்ல. குறை எண்ணை அனுமதித்தால் 4, −1, 11 சரியாக வரும். அதை நீள்வட்ட வளைகோட்டில் (மேலே பார்த்தது போன்ற முப்படிச் சமன்பாட்டின் வளைகோட்டில்) ஒரு புள்ளியாக்கி மடங்குகளை எடுத்துக்கொண்டே போனால், ஒன்பதாம் மடங்கில்தான் மூன்றும் மிகை எண்ணாகின்றன. பெரிய எண்ணில் 81 இலக்கங்கள்!

கேள்வி: முதல் புள்ளியை எப்படிப் பிடிப்பது?

பதில்: கஷ்டமே அதில்தான். எல்லா வளைகோட்டுக்கும் நிச்சயம் பலிக்கும் என்று நிறுவப்பட்ட வழி இன்னும் இல்லை. பிர்ச், சுவின்னர்ட்டன்-டயர் என்ற இரு கணிதவியலாளர்கள் முன்வைத்த, இன்னும் நிறுவப்படாத ஊகம் அதோடு நெருங்கிய தொடர்புடையது. 2000இல் கிளே கணித நிறுவனம் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசுக் கணக்குகளில் ஒன்று. நீங்கள் முதலில் சிறிய எண்களைப் போட்டுத் தேடுங்கள், அப்புறம் இலவசக் கணித மென்பொருளான சேஜில் (SageMath) கொடுத்துப் பாருங்கள்.