ஏர்பேக் லைட் அணையவில்லையா? தமிழக-கேரள எல்லை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள்

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் ஏர்பேக் பற்றிய கேள்விகள் கூடிவிடும். கனெக்டருக்குள் ஈரம் இறங்கும் காலம் இது. பதிலுக்குப் போகும் முன் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயரில் கை வைக்கும் முன் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, குறைந்தது மூன்று நிமிடம் காத்திருங்கள். கம்பெனி கையேடு அதற்கு மேல் சொன்னால் அதன்படி செய்யுங்கள். பேட்டரி இல்லாமலேயே பையை வெடிக்க வைக்கும் மின்சாரம் ஏர்பேக் யூனிட்டின் (பையை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

அண்ணா, அரிசி மூட்டை ஏற்றுவதற்காக முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளினேன். அன்றிலிருந்து ஏர்பேக் லைட் எரிகிறது, சில நாள் தானாக அணைந்தும் விடுகிறது. பையையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். — கொழிஞ்சாம்பாறை வாசகர்

பைக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். சீட்டை நகர்த்தியதும் வந்த கோளாறு என்றால் முதலில் சீட்டுக்கு அடியில்தான் தேட வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் வயரும், பெல்ட் பக்கிள் வயரும் அங்கேதான் ஓடுகின்றன. மூட்டை இடித்தாலோ வயர் இழுபட்டாலோ மஞ்சள் கனெக்டர் அரை மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். பார்வைக்குப் பொருந்தியிருப்பது போலவே தெரியும்.

அந்தக் கனெக்டருக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. கனெக்டரைப் பிரித்ததும் அது பையின் இரண்டு பின்னையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். கைபட்டு வரும் நிலைமின்சாரத்தில் பை வெடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கனெக்டரை முழுவதும் அழுத்திப் பூட்டினால்தான் தகடு விலகும். அரைகுறையாக நின்றால் தகடு விலகாது, கோளாறு படிக்கும் ஸ்கேனர் கருவியும் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறைவு என்று காட்டும். அதைப் பார்த்துப் பை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது அநியாயம். ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்றோ ஓப்பன் (இணைப்பு விட்டுப்போனது) என்றோ வந்தால் பின் தளர்ந்திருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும்.

ஏர்பேக் யூனிட்டைப் படிக்கும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (அந்த நேரத்து அளவுகள்) திறந்து வையுங்கள். நல்ல சர்க்யூட்டில் சுமார் 2 ஓம் காட்டும். சீட்டில் யாரும் உட்காராமல், கதவுக்கு வெளியே நின்று லீவரைப் பிடித்து சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எண் எந்த இடத்தில் துள்ளுகிறதோ அந்த நிலையில்தான் வயர் இழுபடுகிறது. வயரைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டாம். கனெக்டரை வெட்டிவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றும் வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இணைப்பில் ரெசிஸ்டன்ஸ் ஏறும், பாதுகாப்புத் தகடும் போய்விடும்.

ஸ்டியரிங் கழற்றி வேலை பார்த்த பிறகு ஹார்ன் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் உள்ள ஆடியோ பட்டனும் வேலை செய்யவில்லை, ஏர்பேக் லைட்டும் எரிகிறது. — குமுளி வாசகர்

மூன்றும் சேர்ந்து போயிருந்தால் கிளாக் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் தட்டையான ரிப்பன் வயர் அது. நடுநிலை பார்க்காமல் மாட்டியிருப்பார்கள். லோயர் கேம்ப் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் ரிப்பன் அறுந்திருக்கும்.

உறுதிசெய்யப் பைக்குப் பதிலாக 2 ஓம் டம்மி லோடு (பை போலவே மின்தடை காட்டும் சோதனைத் துண்டு) மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோட் (யூனிட்டில் பதியும் கோளாறு எண்) போய்விட்டால் கோளாறு பையில். போகவில்லை என்றால் அதே லோடை ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே உள்ள கனெக்டரில் மாட்ட வேண்டும். அங்கே கோட் போனால் கிளாக் ஸ்பிரிங், அப்போதும் நின்றால் அதற்குக் கீழே போகும் வயரிங் அல்லது யூனிட். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பேட்டரியைக் கழற்றியே ஆக வேண்டும்.

அண்ணே, வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏர்பேக் வயரில் டெஸ்ட் லாம்ப் வைத்துக் கரண்ட் வருகிறதா பார்க்கலாமா? — பாறசாலை வாசகர்

கூடவே கூடாது தம்பி. டெஸ்ட் லாம்ப் என்பது வயர் மாட்டிய பல்புதான். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பைக்குள் இருக்கும் பற்றவைப்பானுக்கு ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் பாய்ந்தாலே போதும், வெடிக்கக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. பையின் பின்னில் மல்டிமீட்டரை ஓமில் வைப்பதும் வேண்டாம். மீட்டருக்கு உரிய இடம் வெறும் வயர்தான். பை, யூனிட் இரண்டையும் கழற்றிய பிறகு வயர் அறுபடாமல் இருக்கிறதா என்ற தொடர்ச்சியும், வண்டியின் உலோகத்தில் பட்டிருக்கிறதா என்ற பாடி ஷார்ட்டும் பார்க்கலாம். அப்போதும் கவனம், பல வண்டிகளில் யூனிட் பக்கத்துக் கனெக்டரிலும் அந்தத் தகடு இருக்கிறது. அது தெரியாமல் பார்த்தால் நல்ல வயரையே ஷார்ட் என்று எண்ணிவிடுவாய்.

சின்ன விபத்து. பம்பர் மாற்றிய பிறகு முன்பக்க சென்சார் கோட் வருகிறது. சென்சாரை மீட்டரில் எப்படிச் சோதிப்பது? — செங்கோட்டை வாசகர்

மோதலை உணரும் இப்போதைய சென்சாருக்குள் சின்ன எலக்ட்ரானிக் சில்லு இருக்கிறது. ஓம் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, போல்ட் முழுக்க இறுகியிருக்கிறதா, அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது இரண்டும் ஒரே பார்ட் நம்பர் என்றால் இடம் மாற்றி மாட்டலாம். கோட் கூடவே இடம் மாறினால் சென்சார், மாறாவிட்டால் வயர்.

பேட்டரி இறங்கி ஜம்ப் ஸ்டார்ட் செய்ததிலிருந்து லைட் எரிகிறது. — பீர்மேடு வாசகர்

வோல்டேஜ் குறைந்தபோது பதிந்த பழைய கோடாக இருக்கலாம். பேட்டரியைச் சரிசெய்து கோடை அழியுங்கள். திரும்ப வந்தால் வேறு காரணம் தேடணும். எஞ்சின் கோட் மட்டும் படிக்கும் சின்ன ப்ளூடூத் கருவிகளில் இது தெரியாது.

பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். ஏர்பேக் லைட் எரியவே இல்லை, நல்லதுதானே? — வாளையார் வாசகர்

எரியவே இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் சில வினாடி எரிந்து, எஞ்சின் ஸ்டார்ட் செய்யாமலேயே தானாக அணைய வேண்டும். எரியாவிட்டால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், வயரை அறுத்திருக்கலாம். இன்னொரு மோசடியும் உண்டு. ஆயில் லைட்டோடு சேர்த்து வயர் கொடுத்துவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனிலேயே வைத்துப் பத்து வினாடி காத்திருங்கள். ஆயில் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது ஏர்பேக் லைட் மட்டும் தனியாக அணைந்தால் சரி. இரண்டும் எஞ்சின் ஓடும் வரை எரிந்து ஒன்றாக அணைந்தால், விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்குப் பின் வந்த வண்டியில் இந்த லைட்டைக் காணோம் என்றால், ஏர்பேக் யூனிட்டை ஸ்கேன் செய்து காட்டும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.