பின்சக்கர இரைச்சலும் ஆட்டமும்: டயரை விடுங்கள், பேரிங்கைப் பாருங்கள்

உங்கள் ஷாஃப்ட் டிரைவ் பைக்கில் (செயினுக்குப் பதில் தண்டு பின்சக்கரத்தைச் சுழற்றும் வகை) வேகத்தோடு இரைச்சல் ஏறுகிறது, வளைவில் பின்பக்கம் ஆடுகிறது, டயர் மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். கிளட்சைப் பிடித்து உருண்டாலும் சத்தம் தொடர்ந்தால் எஞ்சின்மீது பழி இல்லை.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். உதவிக்கு ஒருவர் பின் கியர் பெட்டியை (தண்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும், சக்கரத்தை ஒட்டிய பெட்டி) கவனிக்கட்டும். பெட்டி அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால், சக்கர பேரிங் அல்லது பெட்டிக்குள் இருக்கும் பெரிய பேரிங் தேய்ந்திருக்கிறது. பெட்டியும் சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) பக்கத்துப் பிவட் பேரிங், அதாவது பெட்டி அந்தக் கையோடு இணையும் மூட்டின் பேரிங், தேய்ந்திருக்கிறது.

அடுத்து, பின் கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இயல்பு. உலோகச் செதில்கள் வந்தால் பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். சீலில் (எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்து டயரில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காரணம் தெரியும்வரை தயவுசெய்து ஓட்டாதீர்கள்.