மணி அடிப்பது வெயில்

கடிதம்

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஏழு வயது, தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மகனுக்கு மூன்றரை. கணவருக்குக் கோவைப் பக்கம் வேலை. கம்பெனி அறையிலேயே தங்கிவிட்டார். வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளைகளும்தான். 2021 மே 8ஆம் தேதி மறுபடி கொரோனா ஊரடங்கு வந்ததும் ஒரு டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பத்திலிருந்து ஒன்று வரை பாடம், மூன்று மணிக்கு ஓவியம். மூன்றாம் நாளே எல்லாம் கலைந்தது. சின்னவன் போன் இல்லாமல் வாய் திறப்பதில்லை, இரவு பதினொன்று வரை தூங்குவதில்லை, விட்டுப்போன பழக்கமாய்ப் படுக்கையை மறுபடி நனைக்கிறான். பெரியவள் திடீரென்று "அப்பத்தா செத்துப் போயிருமா?" என்கிறாள். முன் அறை ஓடு, பின் அறை சிமெண்ட் ஷீட்டு. மத்தியானம் உட்கார முடிவதில்லை. எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

ம.

பதில்

அன்புள்ள ம.,

தப்பு உங்களிடம் இல்லை, அந்த டைம்டேபிளில் இருக்கிறது. அது பள்ளிக்கூடத்தின் நேரம். பத்து மணி முதல் நாலு மணி வரை குழந்தையின் மூளையும் உடம்பும் சோர்ந்து கிடக்கும் ஊர் உங்களுடையது. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறீர்கள். கேரளத்தின் மற்ற ஊர்களுக்குப் பெய்யும் அளவு மழை உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதிக்கு வருவதில்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கும்வரை உங்கள் வீட்டில் மணி அடிப்பது வெயில்தான். அதற்கு ஏற்றபடி நாளை மடித்துவையுங்கள். பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும்.

காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் உங்கள் நாள். ஓட்டம், மண், தண்ணீர், எழுத்து எல்லாமே அதற்குள் வரட்டும். பெரியவளுக்குப் படிக்க எட்டு மணிக்கு அரைமணி நேரம் போதும். சென்ற ஆண்டு ஜூன் 1இல் கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சேனலில் தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் பாட நிகழ்ச்சியே சின்ன வகுப்புக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் கேட்டது. விடுமுறையில் நாம் மூன்று மணி நேரம் கேட்பது நியாயமில்லை. வாய்விட்டு ஒரு பக்கம் வாசிப்பு, வீட்டுக் கணக்கு இரண்டு (பால் சொசைட்டிச் சீட்டையே கூட்டச் சொல்லுங்கள்), அப்பாவுக்கு நாலு வரிக் கடிதம். அதோடு மூடிவிடலாம்.

ஆனால் ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால் பதினொன்றுக்குத் தூங்கினால் ஆகாது. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, இரவில் சீக்கிரம் படுக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பது. தூக்கம் வராத குழந்தையைப் படுக்கவைத்தால் அது படுக்கையை வெறுக்கத் தொடங்கும். மாற்ற வேண்டியது எழும் நேரத்தை. இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் எழுப்புங்கள், எழுந்த உடனே வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போங்கள். மத்தியானத் தூக்கம் ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்குள் முடியட்டும்; நாலு மணி வரை தூங்கினவன் பத்துக்கு முன் கண் மூடமாட்டான். பத்துப் பன்னிரண்டு நாளில் இரவு தானாக முன்னால் நகரும்.

அறையையும் மாற்றிப் பாருங்கள். ஷீட்டு பகலில் கொதிக்கும், ஆனால் கனம் குறைவு என்பதால் இருட்டினதும் சீக்கிரம் ஆறும். அதனால் பகலுக்கு ஓட்டு அறை, இரவுக்கு ஜன்னல் திறந்த ஷீட்டு அறை. ஷீட்டின் மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் பரப்பிக் காற்றில் பறக்காமல் கயிற்றால் கட்டினால் பகல் சூடும் நன்றாகக் குறையும். தரையில் தண்ணீர் தெளிப்பதென்றால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தெளியுங்கள். மூடிய அறையில் தெளித்தால் புழுக்கம் கூடி வியர்வை காயாது, வேர்க்குரு படரும்.

சோறு பற்றி. வெயிலில் பசி குறைவது இயல்பு. பெரிய வேளைகளைக் காலை ஏழரைக்கும் இரவு ஏழுக்கும் மாற்றுங்கள். மத்தியானம் மோர் விட்ட பழைய சோறு, வெள்ளரி, நுங்கு என்று இலேசாக இருக்கட்டும். மூன்றரை வயதுத் தட்டில் முதலில் மூன்று ஸ்பூன் சோறுதான் வையுங்கள், கேட்டால் மறுபடி. பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்" என்னும் பல வீடுகளில் காரணம் பால் டம்ளரும் பிஸ்கட்டும்தான். இரண்டு வேளைக்கு நடுவே இரண்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டில் போனை எடுத்துவிடுவதுதான் கடினம், எனக்குப் புரிகிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அளவு. அந்த ஒரு மணி நேரத்தைப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு என்று வெயில் உச்சிக்கு ஒதுக்கிவிடுங்கள், உங்களுக்கும் சமையல் நடக்கும். போன் பலகையில் சாய்ந்தபடி ஒரே இடத்தில் இருக்கட்டும். கையில் கொடுத்தால் வீடு முழுக்கச் சுற்றும். நிமிடம் சொல்லி நிறுத்தாமல் "இந்தப் பாட்டு முடிஞ்சா மூடிரலாம்" என்று சொல்லி நிறுத்துங்கள், மூடும் நொடியில் கையில் வைக்க நறுக்கின மாங்காயோ ஒரு வேலையோ தயாராக இருக்கட்டும். முதல் நாலைந்து நாள் அழுவான். அந்த அழுகைக்கு மூன்று நாள் மறுத்து நாலாம் நாள் கொடுத்துவிட்டால், நாலு நாள் அழுதால் கிடைக்கும் என்பதுதான் அவன் கற்கும் பாடம். கொடுப்பதாக இருந்தால் அழுமுன்பே கொடுத்துவிடுங்கள். அழுத பிறகு யாருமே கொடுக்காதீர்கள், அப்பத்தா உட்பட.

விளையாட்டுப் பொருள் வாங்கக் கடை திறந்திருக்க வேண்டியதில்லை. இது நுங்குக் காலம், உங்கள் ஊரில் பனைக்குப் பஞ்சமில்லை. நுங்கு வண்டி செய்யுங்கள். கண் மூன்றையும் தோண்டித் தின்ற பின், மிஞ்சும் பனங்காய்க் கூந்தைகளில் ஒரே அளவுள்ள இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைச் சாண் நீளத்தில், பெருவிரல் பருமனில் நேரான குச்சி ஒன்று. இரு முனையையும் சீவிக் கூராக்குங்கள், இந்த வேலை பெரியவர்களுடையது. மூன்று குழிகளுக்கும் நடு மையத்தில் குச்சியை அழுத்திச் செருக வேண்டும். மையம் தவறினால் சக்கரம் நொண்டும். இரண்டு கூந்தைக்கும் அளவு வித்தியாசம் இருந்தால் வண்டி சின்னதன் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். பிறகு நுனியில் கவை உள்ள நீளக் குச்சி. பிள்ளையின் நெஞ்சு உயரம் இருக்கட்டும், அதைவிட நீளமானால் மேல்முனை முகத்தில் இடிக்கும். கவையை, சக்கரங்களை இணைக்கும் இருசுக் குச்சியின்மேல் பின்னாலிருந்து வைத்துத் தள்ளினால் இருசும் சக்கரமும் சேர்ந்து உருளும். கவை பட்டு உராயும் இடத்தில் பட்டையை உரித்து வழவழப்பாக்கினால் சிக்காமல் ஓடும். மூன்று நாலு நாளில் கூந்தை காய்ந்து துளை தளரும். குச்சி முனையில் துணிக்கீற்றைச் சுற்றி மறுபடி செருகலாம், அல்லது புதுக் கூந்தை. பழைய உடுப்போடு விளையாடட்டும், அந்தக் கறை போகாது.

தின்றுபோட்ட கூந்தைகளையும் தேங்காய்த் தொட்டிகளையும் முற்றத்தில் அப்படியே விடாதீர்கள். கோடை மழை ஒன்று பெய்து அரைக் குழி தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அது போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் கவிழ்த்துக் குவிக்கும் வேலையைப் பெரியவளிடம் கொடுங்கள், தீ மூட்டுவது மட்டும் நீங்கள். இந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் கொரோனா என்று மட்டும் நினைத்து டெங்குவை விட்டுவிடக் கூடாது.

மழை நாளில் பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல். ஆனால் புளியங்கொட்டையும் சோழியும் கீழே கிடக்கும்போது சின்னவன் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் அடைபடும் அளவு அவை.

இன்னொன்றையும் மனதாரச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்குத் தேடுவதைவிட, வீட்டு வேலையில் உண்மையான பங்கு கொடுப்பது நீண்ட நேரம் தாங்கும். ஜவ்வரிசி வடகம் போடுங்கள். ஒரு கப் ஜவ்வரிசியை இரவு ஊறவைத்து, காலையில் நாலு கப் தண்ணீரில் கண்ணாடி போலாகும்வரை கிளறி, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம் சேருங்கள். உப்பு நாவுக்குச் சற்றுக் குறைவாகவே தெரியட்டும், காய்ந்ததும் கூடும். கூழ் ஆறின பிறகுதான் பிள்ளைகளிடம் கிண்ணம் போக வேண்டும். ஈர வேட்டியில் ஸ்பூனால் வைப்பது பெரியவள், காக்கை ஓட்டுவது சின்னவன். எட்டு மணிக்குள் பரப்பினால்தான் மத்தியான மேகத்துக்கு முன் மேல்பக்கம் உலரும். இடி கேட்டதும் துணியோடு பிள்ளைகளும் உள்ளே வந்துவிட வேண்டும். மாலையில் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் பிய்யாமல் வரும். உள்ளே ஈரம் இருக்கும்போதே டப்பாவில் போட்டுவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உடைத்தால் சட்டென முறிய வேண்டும், அதுவரை வெயில்.

படுக்கை நனைவதற்குத் திட்டவோ, அக்கா முன்னால் சொல்லிச் சிரிக்கவோ வேண்டாம். அப்பா இல்லாத வீட்டில், பெரியவர்களின் முகம் மாறிய நாட்களில், மூன்றரை வயது ஒரு படி பின்னால் போவது சகஜம். தண்ணீரைக் குறைக்காதீர்கள், பகலில் நிறையவும் ஏழரைக்குப் பின் கொஞ்சமாகவும் மாற்றுங்கள். படுக்குமுன் ஒருமுறை கூட்டிப் போங்கள். சிறுநீர் எரிச்சல், காய்ச்சல், அடங்காத தாகம் என்று ஏதாவது கூட இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரியவளின் கேள்விக்கு "அப்படியெல்லாம் பேசாதே" என்று சொல்லிவிடாதீர்கள். வாயடைத்தால் பயம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். இப்படிச் சொல்லலாம்: "நோய் வந்தவங்கள்ள நிறையப் பேருக்குச் சரியாயிருது. வயசானவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகலாம், அதனாலதான் அப்பத்தா கடைக்குப் போறதில்ல, நம்ம வீட்டுக்கும் யாரும் உள்ள வர்றதில்ல. ஊசி போடற முறை வந்தா போட்டுக்குவாங்க. காய்ச்சல் வந்தா யாருகிட்ட கேக்கணும்னு அம்மாவுக்குத் தெரியும்." பொய் இல்லை, அவள் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. செய்திச் சேனலில் ஓடும் எண்களைப் பிள்ளைகள் விழித்திருக்கும்போது அணைத்துவையுங்கள். அப்பத்தாவிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கவும் வேண்டாம். மூவருமே வெளியே போகாதவர்கள். வெளியே போகும் நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்: வாரம் இரண்டு முறை, கூட்டமில்லாத நேரம், மூக்கு மூடிய முகக்கவசம், வந்ததும் சோப்பில் கை. சின்னவனுக்கு முகக்கவசம் தேவையில்லை. ஐந்து வயதுக்குள் அதைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காய்ச்சல் வந்தால் செய்யும் பிழைகள் இரண்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், இரண்டும் ஆபத்தானவை. முதலாவது பாராசிட்டமால் சிரப். பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் இருக்கும், 250 என்றும் இருக்கும். போன முறை கொடுத்த அதே மில்லியை வேறு பாட்டிலிலிருந்து ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடலாம். அளவு எடைக்குத்தான், வயதுக்கு அல்ல: ஒரு கிலோவுக்கு ஒரு வேளை 15 மில்லிகிராம் வரை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 120 சிரப்பில் ஏழரை மில்லி, 250 சிரப்பில் மூன்றரையைச் சற்றே தாண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. வீட்டில் ஒரே பாட்டில் வைத்து, மருத்துவரிடம் கேட்ட அளவை ஒட்டுப்போட்டு அதன்மேலேயே எழுதிவையுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இரண்டாவது ஆவி பிடித்தல். கொதிநீர்ச் சட்டியைப் பிள்ளையின் முன் வைக்கவே வேண்டாம். அது கிருமியைக் கொல்லாது. கவிழ்ந்தால் தொடை வெந்துபோகும்.

வயிற்றுப்போக்கு சேர்ந்தால் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சி இன்னும் கெடுக்கும். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் ஆகாது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: சின்னவனுக்கு 40, பெரியவளுக்கு 30, அதைத் தொட்டாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். விலா உள்ளே இழுத்தாலும், குடிக்க மறுத்தாலும், எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலும் அப்படியே. கேரள அரசின் சுகாதார உதவி மையமான திசாவின் எண் 1056, எந்நேரமும் கூப்பிடலாம்.

கணவரிடம் ஒரு வேலை சொல்லுங்கள். மூன்றரை வயது வீடியோ காலில் பேசாது, இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். அவர் மனம் வருந்த வேண்டாம். இரவு எட்டரைக்கு, படம் இல்லாமல் குரல் மட்டும் வைத்து, போனைக் கவிழ்த்துவைத்து, தினமும் ஒரே கதையைச் சொல்லட்டும். அதே கதைதான், அதே சொற்களில். ஒரு வாரத்தில் சின்னவன் முந்திக்கொண்டு சொல்வான்.

வெளிமாநிலத்திலிருந்து கேரளத்துக்குள் வருபவர்களுக்கான கோவிட் ஜாக்ரதா இணையதளத்தில் பதிந்து, தனிமை நாட்களும் முடிந்து அவர் வீட்டுக்குள் வரும் நாளில், ஓடிவந்து தூக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். சின்னவன் உங்கள் சேலைக்குப் பின்னால் ஒளியலாம். அவர் திண்ணையில் உட்காரட்டும், பெரியவளோடு பேசிக்கொண்டிருக்கட்டும். நுங்கு வண்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும், அதைக் காட்ட அவனே வருவான்.