பழைய காம்பாக்ட் எஸ்.யூ.வி. வாங்க வேண்டும், தெரிந்தவர் வண்டியை நம்பி வாங்கலாமா?

தர்மபுரி, ஆறு லட்சம் பட்ஜெட், வீட்டில் வயதானவர்கள், மாதம் இரண்டு முறை சேலம் ஆஸ்பத்திரி. அக்கா வீட்டுக்காரரின் பெரியப்பா தன்னுடைய 2018 மாருதி பிரெஸ்ஸாவைத் தருகிறேன் என்கிறார், "தெரிந்தவர் என்பதால் நம்பி வாங்கலாம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் எல்லாம் பிரெஸ்ஸாவா டாடா நெக்ஸானா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கடைசி வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. பட்டதும் ஆறின புண்ணைச் சொறிந்த மாதிரி ஆகிவிட்டது.

என் பதில், வேண்டாம். வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். பெரியப்பா தங்கமானவராகவும் இருக்கலாம். ஆனால் அவரிடம் வாங்கினால் அந்த வண்டியை உங்களால் சோதித்துப் பார்க்க முடியாது.

எனக்குக் கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்தில் உரக்கடை. 2023 தொடக்கத்தில் அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகி, சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். பஸ் படி ஏற முடியவில்லை. ரயிலில் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகக் கேட்பார்கள். உங்கள் ஊருக்காவது ஸ்டேஷன் இருக்கிறது. மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது, அதையும் அவனே நிறுத்திவிட்டுப் போனான். 2004இல் தனி மாவட்டம் ஆனோம், கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னும் ஒரு தண்டவாளம் வரவில்லை. தேர்தல் வந்தால் ஜோலார்பேட்டை, கிருஷ்ணகிரி, ஓசூர் பாதையும் கூடவே வரும், ஓட்டு எண்ணி முடிந்ததும் போய்விடும். எங்கள் ஊர் மாங்கூழ் கப்பல் ஏறி வெளிநாடு போகிறது, மா விளைவித்தவன் நான்கு வழிச்சாலையில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுகிறான். சரி, இதைப் பேச ஆரம்பித்தால் கார் பேச்சு வராது. ரயில் இருந்திருந்தால் நான் கார் பக்கமே போயிருக்க மாட்டேன் என்பதற்காகச் சொன்னேன்.

கார் பார்க்கிறோம் என்று வீட்டில் பேச்சு அடிபட்டதும் என் சின்ன மாமனாருக்குச் செய்தி போய்விட்டது. மனைவியின் சித்தப்பா. ஓசூரில் இருக்கிறார், அவர் பையனுக்குப் பெங்களூரில் வேலை. "மாப்பிள்ளை, எதுக்கு வெளியில போய் ஏமாறணும்? தம்பி வண்டி சும்மாதான் நிக்குது, நீங்க எடுத்துக்கங்க" என்றார். 2018 மாடல், டீசல், கர்நாடகா நம்பர், மீட்டரில் 48,000 கிலோமீட்டர். வெளியில் ஆறேகால் சொல்வார்கள், நமக்கு ஐந்து நாற்பது.

என்ன கார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தக் கம்பெனி ரசிகர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். கம்பெனி மேல் தப்பும் கிடையாது.

ஓசூருக்கு மனைவியோடு போனேன். போனதும் இலை போட்டுவிட்டார்கள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை வரைக்கும் ஆன பிறகு சாவியை ஒரு தட்டில் வைத்து, குங்குமம் வைத்துக் கொடுத்தார்கள். இப்போது நீங்களே சொல்லுங்கள். அந்த இடத்தில் நான் எப்படிக் கீழே படுத்து சேஸிஸைப் பார்ப்பது? ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பானெட்டைத் திறந்தேன், மாமா பக்கத்தில் நின்று "கம்பெனி சர்வீஸ்தான் மாப்பிள்ளை" என்றார், மூடிவிட்டேன். என் அப்பா சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலு தப்படி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார். அவர் பெற்ற பிள்ளை நான், ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு டயரைக்கூட உதைத்துப் பார்க்காமல் வந்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இவர் தானமாகவா கொடுத்தார்?

உள்ளே உட்கார்ந்ததும் மல்லிகை வாசனை தூக்கலாக அடித்தது. பெர்ஃப்யூம் புட்டி புதிதாக மாட்டியிருந்தார்கள். மரியாதைக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேப்பர் விஷயமும் அப்படித்தான். கர்நாடகா வண்டியை இங்கே ஓட்ட வேண்டுமென்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணை இல்லை என்கிற என்.ஓ.சி. சான்று வாங்கி, இங்கே மறுபடியும் வரி கட்டி, டி.என். நம்பர் வாங்க வேண்டும். அதற்கு 12 மாத அவகாசம் உண்டு. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் மாமா. சொந்தக்காரரிடம் அந்த அப்புறம் எப்போது என்று கேட்க முடியாது. ஃபாஸ்டாக்கும் அவர் பையன், அதாவது என் மச்சான் பெயரிலேயே இருந்தது. அதில் ஒரு கூத்து. நான் கிருஷ்ணகிரி டோலைத் தாண்டினால் பெங்களூரில் மச்சானுக்கு எஸ்.எம்.எஸ். போகும். அவன் அம்மாவிடம் சொல்வான், அவர் என் மாமியாரிடம் சொல்வார். "ஓசூர் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போயிட்டாராமே" என்று ராத்திரி என் மனைவிக்குப் போன் வரும். உர லோடு விஷயமாக ஓசூர் போனவனுக்கு இப்படி ஒரு விசாரணை.

நவம்பரில் ஒரு சாயங்காலம் அம்மாவை ஏற்றிக்கொண்டு சேலம் போகிறேன். தொப்பூர் கணவாய் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்கு முன்னால், டாஷ்போர்டில் இருக்கிற அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தன. அடுத்த நொடி என்ஜின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் ஒரு லாரி ஏர் ஹாரனை அடித்துக்கொண்டே வருகிறான். அம்மா, "என்ன சாமி, எல்லா வெளக்கும் எரியுது?" என்கிறார். நல்லவேளை, டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் எனக்கில்லை. மூன்றாவது கியரில் இருந்ததால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. முழு பலத்தையும் போட்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரம் கட்டினேன். லாரி உரசாமல் போனது குலதெய்வம் செய்த காரியம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

டோ பண்ணிச் சேலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம் என்று, முதலில் டிரைவர் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைக் கிழித்துத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு. செருப்புக்கடியில் ஒட்டுவது போல இல்லை, ஏரி வற்றினால் படிந்திருக்குமே, அந்த மாதிரி மெல்லிய களிமண். சீட் போல்ட்டெல்லாம் துரு. ஒயரிங் கனெக்டரைக் கழற்றினால் பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டினார், உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் தண்ணீர் நின்ற கோடு. "இது தண்ணி குடிச்ச வண்டிங்க" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

2022 செப்டம்பர் முதல் வாரம் பெங்களூரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கமெல்லாம் வெள்ளம் வந்து, ஐ.டி.க்காரர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனது ஞாபகம் இருக்கிறதா? மச்சான் குடியிருந்தது அந்தப் பக்கம்தான், கார் நின்றது பேஸ்மென்ட்டில்.

மாமாவிடம் எத்தனையோ பணிவாகத்தான் கேட்டேன். "மாமா, இந்த வண்டி தண்ணியில நின்னுச்சுங்களா?" அவர், "என்னைத் திருடன்னு சொல்றீங்களா மாப்பிள்ளை?" என்றார். பையன் அவரிடம் மறைத்திருக்கலாம். இன்றைக்கும் அவருக்குத் தெரிந்து கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அபாண்டம். ஆனால் அதற்கப்புறம் என் அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்கு அவர்கள் யாரும் வரவில்லை. வண்டியை உள்ளதைச் சொல்லி இரண்டு அறுபதுக்குத் தள்ளிவிட்டேன். அந்த நஷ்டம் கடையில் ஒரு பருவ யாவாரம். என் மனைவி சித்தப்பா வீட்டுப் பேச்சையே எடுப்பதில்லை, அது என்ன கணக்கில் எழுதுவது?

"எல்லாச் சொந்தக்காரரும் அப்படியா? எங்க மாமா கொடுத்த வண்டி பத்து வருஷம் ஓடுது" என்று யாராவது எழுதுவீர்கள். ஓடட்டும், சந்தோஷம். முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியாத ஆளிடம் வாங்கினால் தப்பு இருந்தாலும் தெரியாது என்பதுதான் நான் சொல்வது. புரோக்கர்களும் யோக்கியம் இல்லை, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார்கள். ஆனால் அவர்களைத் திட்டலாம்.

இரண்டாவது வண்டி ஓசூரில் சிப்காட் வேலைக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். முன்பின் தெரியாதவர். 2018 டீசல் பிரெஸ்ஸா, ஒரே ஓனர், டி.என். 70 நம்பர், ஆறு லட்சத்துப் பதினைந்தாயிரம். மூன்று மணி நேரம் அவர் உயிரை எடுத்தேன். காலை ஆறரைக்குப் போய் நின்று, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 60,000 ஓடியதாகச் சொல்கிற வண்டியில் ஒரிஜினல் டயரே நான்கும் மொழுக்கென்று இருந்தால் கணக்குச் சரி, அதற்குள் மூன்றாவது செட் டயர் என்றால் மீட்டரை நம்பாதீர்கள். கண்ணாடி ஒவ்வொன்றிலும் உள்ள குறியீட்டைப் பார்த்தேன், ஒன்று மட்டும் வேறு வருஷமாக இருந்தது, கேட்டதும் கல் பட்டு உடைந்ததற்கு பில் எடுத்துக் காட்டினார். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை இழுத்து வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தேன். ஸ்டெப்னி குழியில் கையை விட்டுத் துழாவினேன். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தேன், அதைப் பார்த்து அவர் மனைவி சிரித்துவிட்டார். அப்புறம் மேலுமலை ஏற்றம் வரைக்கும் ஓட்டினேன். கிளட்ச் தேய்ந்திருந்தால் மேட்டில் என்ஜின் கத்தும், வண்டி நகராது.

இதை எல்லாம்விட முக்கியமாக இன்சூரன்ஸ் தாளைக் கேட்டேன். அதில் நோ கிளைம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும், பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது. கிளைம் போடாமல் வந்தால் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறும். ஐந்தாறு வருஷ வண்டியில் அது பூஜ்யம் என்றால் போன வருஷம் என்ன கிளைம் என்று கேளுங்கள். பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போனாலும் பூஜ்யமாகும், அதனால் எடுத்த எடுப்பில் பழி போடாதீர்கள். மச்சான் வண்டியிலும் பூஜ்யம்தான் இருந்தது. நான் அந்தத் தாளை மடித்து டாஷ்போர்டில் வைத்ததோடு சரி.

கர்நாடகா நம்பர் இல்லையே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தோமே. அந்த வண்டிகளும் எங்கேயோ கழுவித் துடைத்து நிற்கத்தானே செய்யும்.

மாடல் பற்றியும் கேட்டிருந்தீர்கள், எனக்குத் தெரிந்தவரைக்கும். 2016 முதல் 2020 வரைக்கும் வந்த டீசல் பிரெஸ்ஸாவில் இருப்பது 1.3 லிட்டர் ஃபியட் என்ஜின், டைமிங் செயின், அதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் நம் பக்கம் இல்லை. மாருதி 2020இல் டீசலை நிறுத்திவிட்டது. நெக்ஸான் கிரவுண்ட் கிளியரன்ஸ் 209 மி.மீ., 2018இல் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து ஸ்டார், பென்னாகரம் உள்ரோடுகளுக்கு நல்லது. ஈக்கோஸ்போர்ட் ஓட்ட அருமை, ஆனால் ஃபோர்டு 2021இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டஸ்டர் டீசல் என்றால் டைமிங் பெல்ட், அதைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும், மாற்றியதற்கு பில் கேளுங்கள். மாதம் இரண்டு தடவை சேலம், மற்றபடி டவுனுக்குள்ளேதான் என்றால் 2020க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வேண்டாம், புகைக்கரியை வடிகட்டுகிற டி.பி.எஃப். அடைத்துக்கொள்ளும், பெட்ரோல் பாருங்கள். டீசல் வண்டி பத்து வருஷத்தில் தடை என்று வாட்ஸ்அப்பில் வருவது டெல்லிப் பக்கத்துக்குக் கோர்ட் போட்ட உத்தரவைப் பற்றியது, நமக்கு இல்லை.

தட்ட முடியாமல் பெரியப்பாவின் பிரெஸ்ஸாவைப் பார்க்கப் போவதென்றால், சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். மெக்கானிக்கை நண்பன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த இன்சூரன்ஸ் தாளில் போனஸ் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். பெயரையும் நம்பரையும் போட்டுவிடாதீர்கள், உங்கள் அக்கா வீட்டுக்காரரும் இங்கே படிக்கலாம்.