12 வோல்ட்தானே என்று விடலாமா?

கேள்வி: எங்கள் 18 அடி ஃபைபர் படகின் அணியத்தில் (முன்முனையில்), 55 பவுண்டு உந்துவிசையுள்ள 12 வோல்ட் டிரோலிங் மோட்டாரை (படகை மெதுவாகச் செலுத்தும் சிறிய மின் மோட்டார்) பொருத்த இருக்கிறேன். பேட்டரி அமரத்தில் (பின்முனையில்) இருக்கும். ஒயர் செல்லும் தூரம் 5 மீட்டர். வீட்டு வேலையில் மிஞ்சிய 4 சதுர மில்லிமீட்டர் ஒயரையும், மோட்டாருக்குப் பக்கத்தில் 63 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் வீட்டு பிரேக்கர்) ஒன்றையும் போட்டால் போதுமா? – வாசகர், பழவேற்காடு

பதில்: போதாது. 12 வோல்ட் ஆளை அடிக்காது என்பது சரிதான். ஆனால் படகைக் கொளுத்துவதற்கு அது தாராளமாகப் போதும். 600 வாட் மிக்ஸி வீட்டில் 3 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. அதே 600 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்கும் உங்கள் மோட்டார், முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும்.

போக 5, வர 5 என்று 10 மீட்டர் செம்பைக் கணக்கில் கொண்டால், 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏறத்தாழ 2.2 வோல்ட் வீணாகி, 110 வாட் வெப்பமாக ஒயரிலேயே தங்கிவிடும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு அரை வோல்ட் அளவில் நின்றுவிடும் என்பதால் அதையே வாங்குங்கள். உப்புநீர்ப் புழக்கத்துக்கு வெள்ளீயம் பூசிய, பல இழைச் செம்பு ஒயர்தான் ஏற்றது. விலை கூடுதல்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எம்.சி.பி. விஷயத்தில் இரண்டு தவறுகள் உள்ளன. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைகிறது. பேட்டரியின் நேர்மின்சாரம் (டி.சி.) அப்படித் தணிவதில்லை என்பதால், டி.சி. மின்சாரத்துக்கென்றே தயாரான 60 ஆம்பியர் பிரேக்கர் தேவை. அடுத்தது, அது இருக்க வேண்டிய இடம். பிரேக்கர் காப்பது தனக்குப் பின்னால் வரும் ஒயரைத்தான். மோட்டாருக்கு அருகில் வைத்தால், பேட்டரியிலிருந்து வரும் 5 மீட்டர் ஒயர் எங்காவது உராய்ந்து ஷார்ட் ஆகும்போது அதைத் துண்டிக்க எதுவுமே இருக்காது. அமெரிக்கப் படகுத் தர விதிகள், பாசிட்டிவ் முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் பிரேக்கர் இருக்க வேண்டும் என்கின்றன. பேட்டரி முனையிலிருந்தே ஒயர் முழுக்க உறைக்குழாய்க்குள் சென்றால் மட்டும் 72 அங்குலம் வரை தளர்வு உண்டு.

ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிப்பட்ட இணைப்பு ஒன்றை நான் பிரித்தபோது, உள்ளே செம்புக்குப் பதிலாகப் பச்சைக் களிம்புதான் உதிர்ந்தது. ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பான லக்கைக் கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்து, பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். பேட்டரியைப் பெட்டியில் வைத்துப் பட்டையால் கட்டுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். இணைக்கும்போது பாசிட்டிவ் முதலில், கழற்றும்போது நெகட்டிவ் முதலில்.

எல்லாம் முடிந்தபின், மோட்டாரை நீருக்குள் இறக்கிப் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு லக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் லக்கை வெட்டிவிட்டு, புதிதாகப் போடுங்கள்.