அம்மாவின் அழுகைக்குக் கெடு வைக்கலாமா?

மனநலம்: வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு வயது 63. தினமும் விடிந்ததும் அப்பாவின் பித்தளை டபராவில் காபி ஆற்றி, அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கிறார். ஆறிப்போனதும் எடுத்துக் கொண்டுபோய்க் கொல்லையில் ஊற்றிவிடுகிறார். "ராத்திரி அப்பா இருமியது உனக்குக் கேட்டதா?" என்கிறார். மாலையானால் அழுகை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி, "ஆறு மாதத்துக்கு மேல் துக்கம் நீடித்தால் அது நோய் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அம்மாவை டாக்டரிடம் காட்டு" என்று போனில் சத்தம் போடுகிறான். அம்மாவுக்கு மனநோயா, டாக்டர்?
– வாசகி, கரூர்

பதில்: உங்கள் தம்பி படித்தது பொய்யல்ல, சகோதரி. பாதியில் நிறுத்திவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பதினோராம் பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 'நீடித்த துக்கக் கோளாறு' அதில்தான் முதல் முறையாக இடம்பெற்றது. குறைந்தது ஆறு மாதம் என்பது உண்மை. ஆனால் அந்த மனிதருடைய சமூகமும் சமயமும் எதை இயல்பான துக்கம் என்று ஏற்கின்றனவோ அதைத் தெளிவாக மீறியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை முடங்கியிருக்க வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. நம்மில் எத்தனையோ வீடுகளில் ஆண்டுத் திதி கழியும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை. அந்த ஓராண்டும் துக்கத்துக்கு உரியது என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கும்போது, எட்டாம் மாதத்து அழுகையை மீறல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் தம்பியிடம் சொல்லுங்கள். அதே 2022 மார்ச்சில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் தன் கையேட்டைத் திருத்தி வெளியிட்டது. அதில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதக் கெடு. ஆக, ஒரு நூலின் கணக்கில் உங்கள் அம்மா எல்லையைத் தாண்டிவிட்டார். மற்றதன் கணக்கில் இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது. சர்க்கரையை அளப்பதுபோல் ரத்தம் எடுத்து அளக்கக்கூடிய விஷயம் இல்லை இது. நிபுணர்கள் கூடி, ஆய்வுகளைப் பார்த்து, வாதாடி ஒரு வரம்பு வைக்கிறார்கள். பிறகு அவர்களே அதை மாற்றுகிறார்கள்.

எப்படியெல்லாம் மாறியது என்று பாருங்கள். 1980இல் வந்த அமெரிக்கக் கையேடு, நெருங்கியவரை இழந்த துயரத்தை மனச்சோர்வு நோயோடு சேர்க்காமல் விலக்கி வைத்தது. 1994இல் அந்த விலக்கு இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று குறுகியது. 2013இல் விலக்கையே எடுத்துவிட்டார்கள். மனச்சோர்வு நோய்க்கு இரண்டு வார அறிகுறிகள் போதும் என்பதால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே ஒருவருக்கு நோய் என்று எழுதிவிட வழி பிறந்தது. துக்கத்தையும் நோயையும் பிரித்துப் பாருங்கள் என்று குறிப்பு இருந்தது. ஆனால் நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் குறிப்பைப் படிக்க யாருக்கு நேரம்? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்தர் கிளைன்மன், மனைவியை இழந்த தன் அனுபவத்தையே முன்வைத்து, அதற்கு முன்பே 2012இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அந்தப் போக்கைக் கேள்வி கேட்டார். என் மனமும் அவர் பக்கம்தான்.

அதற்காகத் துக்கத்துக்கு நோய்ப் பெயரே கூடாது என்பவள் அல்ல நான். மதுரையில் நான் அரசுப் பணியில் இருந்தபோது ஒரு தாயை அழைத்து வந்தார்கள். மகன் விபத்தில் போய் நாலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் அறையை யாரும் திறக்கக் கூடாது. அவன் தட்டில்தான் சாப்பிடுவார், அதுவும் இரண்டு வாய். எலும்பும் தோலுமாக இருந்தார். உறவினர்கள் எல்லாரும் "பெற்ற வயிறு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியே அவரை விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களை இனம் கண்டு சிகிச்சை தர அந்தப் பெயர் உதவும். மறுக்கவே மாட்டேன்.

இருமல் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். வேல்ஸில் ரீஸ் என்ற குடும்ப மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் கூடவே இருப்பதை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். பலர் அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மா உங்களிடம் சொல்கிறார், அது நல்லது. "அப்படியெல்லாம் கேட்காது அம்மா" என்று வாயை அடைக்காதீர்கள். அப்பா எப்படி இருமுவார் என்று கேளுங்கள், பேசட்டும்.

மாதத்தை எண்ணுவதை விட்டுவிட்டு அம்மாவைக் கவனியுங்கள். சாப்பாடு இறங்குகிறதா? சேலை தொளதொளத்துப் போகிற அளவுக்கு இளைத்துவிட்டாரா? பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டாரா? பேரப்பிள்ளை வந்தால் முகம் கொஞ்சமாவது மலர்கிறதா? 'நான்தான் அவரைக் கவனிக்காமல் விட்டேன்' என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறாரா? 'நானும் போய்விட்டால் தேவலை' என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் எட்டு மாதமா, எட்டு நாளா என்று பார்க்காமல் அழைத்து வாருங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மாத்திரை போட்டால் துக்கம் போய்விடும் என்று தம்பி நினைத்தால், 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லுங்கள். தீராத துக்கத்தைத் தணித்தது, அதற்கென்றே வகுத்த பேச்சுச் சிகிச்சைதான். மனச்சோர்வு மாத்திரை அந்தத் துக்கத்தைக் குறைக்கவில்லை; பேச்சுச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது மனச்சோர்வு அறிகுறிகள் மட்டும் குறைந்தன.

காபி வைக்கட்டும். தடுக்காதீர்கள்.

கேள்வி: 24 வயது மகன், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று சொல்கிறான். 'ட்ரீட்மென்ட் கொடுத்து மாற்றிவிடலாம்' என்று ஒரு டாக்டர் உறுதி தருகிறார். போகலாமா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: போகாதீர்கள் ஐயா. இதை நோய் என்று எங்கள் துறைதான் எழுதிவைத்திருந்தது. எங்கள் துறையே நீக்கியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 டிசம்பரிலும், உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றும் பட்டியலிலிருந்து எடுத்தன. இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்பும் மின் அதிர்ச்சி கொடுத்து 'மாற்ற' முயன்றதில் எத்தனையோ பிள்ளைகள் சீரழிந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஊர் வழக்கத்துக்கோ ஒழுக்க நெறிக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்றே அறிவித்துவிட்டது. உங்களுக்கு உறுதி தந்த அந்த டாக்டர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நீங்கள் புகார் கொடுக்கலாம்.

மகன் தூக்கமில்லாமல், பயந்துபோய் இருந்தால் அந்தப் பயத்துக்கு ஆலோசனை உண்டு. உங்கள் கலக்கத்துக்கும் உண்டு. முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். அவனை இழுத்து வர வேண்டாம்.