கரண்ட் வைத்தால் கால் நடக்குமா?

கேள்வி: என் தம்பி இரண்டு வருடத்துக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டான். முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியில் உள்ள டி6 எலும்பு உடைந்து ஆபரேஷன் செய்தார்கள். நெஞ்சுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆனால் கால் சில நேரம் தானாக வெட்டி வெட்டி இழுக்கிறது. சரியாகி வருகிறதோ? முதுகில் கருவி வைத்து கரண்ட் கொடுத்ததும் ஒருவர் எழுந்து நடக்கும் வீடியோவைப் பார்த்து, அப்பா நிலத்தை விற்கக் கிளம்பிவிட்டார். பக்கத்து ஊர் கிளினிக்கில் வைக்கும் கரண்டும் இதுதானா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முதலில் அப்பாவைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவிடாமல் நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் பார்த்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து வீடியோவாக இருக்கும் என நினைக்கிறேன். அது பொய்யில்லை. மோட்டார் பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட மிஷேல் ரொக்காட்டி என்ற இத்தாலியருக்கும் இன்னும் இருவருக்கும் நரம்பியல் விஞ்ஞானி கூர்தீன், அறுவை சிகிச்சை டாக்டர் பிளாக் குழுவினர் கருவி பொருத்தினார்கள். 2022-இல் அந்த ஆய்வு வெளியானது. கருவியை இயக்கிய முதல் நாளே மூவரும் அடி எடுத்து வைத்தார்கள். ஆனால் மேலே கட்டிய பெல்ட் உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. வாக்கரைப் பிடித்து வெளியில் நடப்பதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருந்தது. வீடியோவில் அந்த மாதங்கள் வராது.

கால் வெட்டி இழுப்பதைக் கேட்டீர்கள். எங்கள் வார்டிலும் அதைப் பார்த்துவிட்டு வீட்டார் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். அது குணமாவதன் அடையாளமில்லை. ஆனால் அதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. காலை ஆட்டிவைக்கும் நரம்புக் கூட்டம் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் இருக்கிறது. தம்பிக்கு அடிபட்டது அதற்கு மேலே. கீழே உள்ளது உயிரோடுதான் இருக்கிறது, மூளையிலிருந்து சேதி வராததால் கட்டுப்பாடில்லாமல் துள்ளுகிறது. மூளையின் கட்டளை இல்லாமலே அந்தப் பகுதி நடைக்கான தாளத்தைப் போடும் என்று கிரஹாம் பிரவுன் என்ற விஞ்ஞானி 1911-இலேயே பூனைகளிடம் காட்டிவிட்டார். முதுகு இடுப்போடு சேரும் இடத்தில் உள்ள டி12, எல்1 எலும்புகளில் அடிபட்டு கால் தொளதொளவென்று கிடப்பவர்களுக்கு அந்த நரம்புக் கூட்டமே அடிபட்டிருக்கும், அவர்கள் கணக்கு வேறு.

கிளினிக்கில் வைக்கும் கரண்ட் தசைக்குப் போகிறது. தசை சுருங்கும், சுவிட்சை அணைத்தால் அதோடு சரி. மெலிவைக் கொஞ்சம் தடுக்கலாம், வைத்துக்கொள்ளட்டும். வீடியோவில் உள்ளது தண்டுவட உறையின் மேல் பதிக்கும் மின்முனைப் பட்டை. உணர்ச்சி நரம்புகள் உள்ளே நுழையும் இடத்தில் அது கரண்ட் கொடுத்து, தூங்கும் நரம்புக் கூட்டத்தை அரை விழிப்புக்குக் கொண்டுவருகிறது. ‘முழுச் செயலிழப்பு’ என்று எழுதப்பட்ட பலருக்கும் காயத்தைத் தாண்டி சில இழைகள் அறுபடாமல் இருக்கும். அவற்றின் மெல்லிய சேதியும், பாதம் தரையில் பட்டு மேலே போகும் சேதியும் அப்போது வேலை செய்யத் தொடங்கும். பாதத்திலிருந்து போகும் அந்தச் சேதியை ஆயிரக்கணக்கான முறை சரியாகக் கொடுப்பதுதான் பயிற்சி.

அதைச் செய்வது மனிதக் கைகள். ட்ரெட்மில்லின் பக்கத்தில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையை முழங்காலுக்குக் கீழும் இன்னொரு கையைக் கணுக்காலிலும் வைத்து ஒவ்வோர் அடியையும் பயிற்சி கொடுக்கும் நாங்கள் நகர்த்துவோம். குதிகால் முதலில் பட வேண்டும். தொடை உடம்புக்குப் பின்னால் நன்றாகப் போன பிறகே கால் முன்னால் வர வேண்டும். அதற்கு முன் தூக்கினால் தண்டுவடம் தப்பான பாடம் படிக்கும். ஒரு மணி நேரம் முடிந்தால் நோயாளியைவிட எங்கள் இடுப்புதான் கெஞ்சும்.

அமெரிக்காவின் லூயிவில்லில் 2018-இல் நால்வருக்குக் கருவி வைத்துப் பயிற்சி கொடுத்ததில், இருவர் பிடிமானத்தோடு தரையில் நடந்தார்கள். ஒருவருக்கு 15 வாரத்தில் 81 அமர்வுகள், மற்றவருக்கு 85 வாரத்தில் 278. நால்வரில் ஒருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பு எலும்பு முறிந்தது. நிற்காத காலில் எலும்பு மெலிந்துபோகும், அதனால்தான்.

ஆகவே நிலத்தை விற்பதற்கு முன், தம்பிக்குத் தண்டுவடக் காயத்தின் அளவைக் கணிக்கும் ‘ஏசியா’ பரிசோதனை செய்து ஏ, பி, சி, டி என எந்த நிலை என்று எழுதி வாங்குங்கள். ‘ஏ’ என்றால் முழுச் செயலிழப்பு. ஆசனவாயில் விரல் வைத்து உணர்ச்சி பார்க்காமல் ‘ஏ’ என்று எழுதினால் நம்பாதீர்கள். கூச்சமான பரிசோதனைதான், ஆனால் முழுச் செயலிழப்பா இல்லையா என்பது அதில்தான் தெரியும். காலைத் தாங்கும் காலிபர் போட்டோ சாய்வு மேஜையிலோ நிற்கத் தொடங்கும் முன் எலும்பின் பலத்தையும் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். கணுக்கால் இறுகிப் பாதம் கீழே தொங்கிவிட்டால் லோசானுக்கே போனாலும் நிற்க வைக்க முடியாது. படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று இரண்டும் பயிற்சியை மாதக்கணக்கில் நிறுத்திவிடும். தினமும் கண்ணாடி வைத்து இடுப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டால் தண்டுவடம் சேரும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிமுறைகளின்படி தண்டுவடக் காயத்துக்கு இதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. அனுமதி பெற்ற ஆய்வில் மட்டும் கொடுக்கலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பில் நீட்டுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கழுத்தில் அடி. நடப்பதைவிட, டம்ளரைப் பிடிக்க முடிந்தால் போதும். வழி இருக்கிறதா?
– வாசகர், சேலம்

பதில்: தெளிவாகக் கேட்டிருக்கிறீர்கள். கழுத்தில் அடிபட்ட பலருக்கும் கால்தான் பெரிய கவலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் கழுத்துத் தோலின் மேல் ஒட்டிக் கரண்ட் கொடுக்கும் ‘ஆர்க்-எக்ஸ்’ கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. 60 பேரிடம் சோதித்ததில் 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் வேலையும் கூடின. இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அப்புறம் இரண்டு மாதம் கரண்டோடு பயிற்சி. இது செயல் முழுதாகப் போகாதவர்களுக்கானது. அந்தக் கருவி கைக்கு வரும்வரை கைப்பயிற்சியை விடாதீர்கள். மணிக்கட்டை மேலே மடக்க முடிகிறதென்றால், விரல்களை ரொம்ப நீட்டி இழுத்துத் தளர்த்தாதீர்கள். விரல்கள் லேசாக இறுகியிருந்தால், மணிக்கட்டைத் தூக்கும்போது தானாக மடங்கும்; அதை வைத்தே டம்ளரைப் பிடிக்கப் பழகலாம்.